தனி அறை

"மாட்ட இப்படி மழையில கட்டியிருக்கீங்களே, பாவமில்லையா?" குடையை மடக்கியபடி கேட்டார் றோலண்ட் மாஸ்டர்.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தின் லய வீடுகளில் கொரோனா கண்டவர்களுக்குச் சர்ச் கொடுக்கும் உணவுப் பொதிகளை அவர்தான் சுமந்துவந்து கொடுக்கிறார். வரிசையில் கடைசி வீடான காம்பராவின் வாசலில் நின்ற நிஷாந்தி மாட்டை ஒருமுறை பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான்கு பிள்ளைகளும் மாமியாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"உன் வீட்டுக்காரன் கஜேந்திரனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

"இன்னும் இல்லைங்க மாஸ்டர்."

"புள்ளைங்களோடயா படுக்கிறான்? நோயாளிக்குத் தனி அறை, நல்ல காத்தோட்டம் வேணும்னு போன கிழமையே நோட்டீஸ் எழுதிக் குடுத்தேனே!"

"வாசிச்சோங்க. அன்னைக்கே தனியா வச்சுட்டோம்."

மாஸ்டருக்கு மனம் குளிர்ந்தது. பொதியின் மேல் தானே ஒட்டிய கிறிஸ்மஸ் அட்டையைத் தடவிக்கொண்டே உள்ளே பார்த்தார். ஓர் அடுப்பு, ஒரு கட்டில், நாலு சுவர்.

"இருக்கிறதே ஒரு அறை. தனி அறை ஏது?"

மாட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"மாட்டுப்பட்டியிலதாங்க இருக்காரு. அதுக்குத்தான் மாட்ட வெளிய கட்டுனோம். நீங்க எழுதுன மாதிரி, காத்து நல்லா வருதுங்க."

பட்டியின் சாக்குப் படுதா விலகியது. புல்லின் மேல் படுத்திருந்த கஜேந்திரன், மாஸ்டரின் குரல் கேட்டுத் தட்டுத்தடுமாறி எழுந்து கும்பிட்டான்.

பொதியை நீட்டப் போன மாஸ்டரின் கண்ணில் அந்த அட்டை பட்டது. மாட்டுத் தொழுவம், புல்லின் மேல் குழந்தை யேசு.

அதை நகத்தால் சுரண்டிக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்ட பிறகே பொதியைக் கொடுத்தார்.