கதவுவரை

மனநலப் பிரிவு நர்ஸ் ஜெசிந்தாவிடம் பேச வருகிறவர்கள் முக்கால் மணி நேரமும் மாமியார், மிக்ஸி, தண்ணீர் லாரி என்று ஊர்க்கதை அளப்பார்கள். சொல்ல வந்த விஷயம், எழுந்துபோய்க் கதவில் கை வைத்த பிறகுதான் வாயில் வரும். அது தெரிந்தே அவள் எல்லோருடனும் கதவுவரை நடப்பாள். அன்றைக்கு ஏழாவதாக வந்த பூங்கோதையோடு மட்டும் நடக்கவில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது, நாற்காலியில் இருந்தபடியே, "அடுத்த புதன் வாங்கம்மா" என்றாள். பூங்கோதை கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று போய்விட்டாள். முன்பு இதே மாதிரி ஒன்றுமில்லை என்று போன ஒருத்தி அடுத்த புதன்வரை உயிரோடு இருக்கவில்லை. ஜெசிந்தா எழுந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த பெரியவர், "நல்லாருக்கு, என்னைக் கூப்பிடாம நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். நர்ஸம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் ஓடியதை டீக்கடையில் ஒருத்தர் விடாமல் வேடிக்கை பார்த்தார்கள். பூங்கோதை ஏறிய பஸ் நகர்ந்துகொண்டிருந்தது; அதில் தொற்றி ஏறி, அவள் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தாள். பூங்கோதை ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர். "இவங்க எங்க எறங்குறாங்களோ, அங்க."