மஜ்ஜை உதைத்த கதவு

உடம்புக்குக் காய்ச்சல் வந்ததும் கல்லீரல் இரும்பையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ரத்தம் செய்கிற எலும்பு மஜ்ஜைக்குக் கோபம் தலைக்கேறியது.

"இரும்பு இல்லாம நான் எதை வச்சு ரத்தம் செய்யறது? உடம்பு வெளுத்துப்போய்க் கிடக்குதே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தியது.

"வெளியே எடுத்தா வழியிலேயே கிருமி பிடுங்கித் தின்னுடும். அது செத்தொழியட்டும், தர்றேன்" என்றது கல்லீரல்.

"பதுக்கல்காரப் பயலே! இதெல்லாம் ஒரு சாக்கு!" மஜ்ஜை கதவை ஓங்கி உதைத்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணன் கேக்குறதுல என்ன தப்பு? நானும் சேர்ந்து உதைக்கிறேன்."

மஜ்ஜை திரும்பிப் பார்த்தது. பசியில் ஒட்டிப்போன வயிற்றோடு கிருமி நின்றிருந்தது.

மஜ்ஜைக்குக் கோபம் அடங்கவில்லை. கல்லீரலைப் பார்த்து முன்பைவிடப் பலமாகக் கத்தியது: "இன்னொரு பூட்டு இருந்தா அதையும் போட்டுத் தொலை!"