உயில் வேண்டாம்

“உயில் வேணாம் சார். இன்னிக்கே வீடு என் பொண்ணு பேருக்கு மாறணும்.”

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். எதிரே இருந்தவர் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர். ஆயுசெல்லாம் ஓட்டிச் சம்பாதித்தது, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ஒரே ஒரு வீடு. அதையும் தூக்கிக் கொடுக்க வந்திருந்தார்.

“பெரியவரே, வித்தியாசம் புரியுதா? உயில்னா நீங்க கண்ணை மூடின பிறகுதான் பொண்ணுக்கு. அதுவரைக்கும் வீடு உங்களுது. மனசு மாறினா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம். தானப் பத்திரம் அப்படியில்ல. பதிஞ்ச நிமிஷமே அது அவங்க வீடு. நாளைக்கே ‘வெளிய போ’ன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

“போயிடறேன் சார்.”

“எங்கே? லாரியிலயா குடித்தனம்?”

“லாரியையும் வித்தாச்சு சார்.”

வக்கீலுக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு இதே நாற்காலியில் வந்து கண்ணைக் கசக்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

“போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் எழுதிக் குடுத்தார். இப்போ பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கார். உயிலா இருந்தா பையன் இன்னும் காலைப் பிடிச்சு விட்டுட்டிருப்பான். உங்க பொண்ணு அவசரப்படுத்துறாங்களா?”

“ஆமா சார். தினமும் ‘எப்பப்பா மாத்துவே’ன்னு கேக்குறா. அவளால காத்திருக்க முடியாது.”

“அதானே பார்த்தேன்! மாப்பிள்ளை?”

“விட்டுட்டுப் போயிட்டார். வீடு அவ பேர்ல இருக்குன்னு தெரிஞ்சா வந்துடுவார்.”

“அடேயப்பா, எல்லாம் தெரிஞ்சேதான் குழியில இறங்கறீங்க! சரி, சாகற வரைக்கும் நீங்க அங்கே இருக்கலாம்னு ஒரு வரியாவது சேர்க்கறேன்.”

“வேணாம் சார். அப்புறம் அது முழுசா அவ வீடா ஆகாது.”

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்க இஷ்டம். ஏத்துக்கிட்டேன்னு பொண்ணும் கையெழுத்துப் போடணும். எங்கே அவங்க? வீடு வேணும், அப்பா கூட வர மட்டும் நேரமில்லையாக்கும்?”

“வாசல்ல வண்டியில இருக்கா. மாடிக்கு வரமாட்டா சார். கையெழுத்தும் வராது. கைநாட்டு வெச்சுக்கலாமா?”

“படிக்காதவங்களா?”

“டீச்சர் சார்.”

“மாடி ஏற மாட்டாங்க, பேனா பிடிக்க மாட்டாங்க. அப்படி என்ன மகாராணி! நானே ரெண்டு வார்த்தை கேக்கறேன்” என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

கீழே ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. திறந்திருந்த பின்கதவு வழியே, போர்வைக்கு வெளியே நீட்டிய இரண்டு மெலிந்த பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“புருஷன் வீட்டுல ‘எங்க வீட்டை விட்டுப் போ’ன்னாங்க. என்ன வியாதின்னு தெரிஞ்சதும் வாடகை வீட்டுலயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. யாரும் போன்னு சொல்ல முடியாத சொந்த வீட்டுல ஒரு ராத்திரியாவது படுக்கணுங்கறா.” பெரியவரும் ஜன்னலருகே வந்து நின்றார். “உயில் எழுதினா நான் செத்த பிறகுதானே சார் அவளுக்கு? டாக்டர் அவளுக்குச் சொல்லியிருக்கறது ஒரு வாரம்.”