வரேன் என்று சொன்னவர்

கடலோர வாடகை வீடுகளின் கதவுக்குக் காது உண்டு. வெளியே கிளம்புகிறவர் "வரேன்" என்றால், கடல் ஏறினாலும் அவர் திரும்பும்வரை கதவு திறந்தே காத்திருக்கும். "போறேன்" என்றால் காத்திருக்காது. ஆனால் நாம் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும்போதும் "வரேன்" என்றுதானே சொல்கிறோம்? அப்படிப் போனவர்களுக்காகக் காத்திருந்து சில வீடுகள் மூழ்கின. அதனால் ஒரு திருத்தம் செய்தார்கள். உள்ளே இருப்பவர் "அவர் வரமாட்டார்" என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். பிறகு தண்ணீர் வடியும்வரை திறக்காது. திறந்தால் கடலும் உள்ளே வந்துவிடும் அல்லவா?

விடுமுறைக்குக் கோபியிலிருந்து வந்திருந்த தமயந்தி, மாடியில்லாத அந்த வீட்டின் வாசற்கதவுக்கு உள்ளே மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "வரேன்" என்று சொல்லிவிட்டு இறால் வாங்கப் போன கணவன் மருதாசலத்தைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க? தண்ணி படியேறிருச்சுங்க!"

"பாலத்துகிட்ட வந்துட்டேன் புள்ள. இங்க எறாலு ரோட்டுலயே நீந்துது, காசு குடுத்து வாங்கிருக்க வேண்டாம்" என்று சிரித்தான். இணைப்பு அறுந்தது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"மருதாசலம் வருவாரா?" என்று கதவு கேட்டது.

"வருவாருங்க."

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது மறுபடி கேட்டது. மகளின் பாதம் நனைந்துவிட்டது. விளையாட்டுக்குக்கூடத் தமயந்தி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"அவரு... வரமாட்டாரு."

கதவு மூடிக்கொண்டது.

சிறிது நேரத்தில் வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு" என்றாள் மகள்.