நத்தைக்கு ஏது வாடகை?

பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவி மறுபடியும் தனக்குள் சிரித்தாள். நாலு நாளில் இது மூன்றாவது விடுதி, மூன்றாவது சிரிப்பு. அவனுக்கு வயிறு எரிந்தது.

மலைத்தடத்தில் நாள்கணக்காக நடப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழியில் இருக்கும் ஒவ்வொரு விடுதியிலும் ஒரு நோட்டு கிடக்கும். தங்கிப் போகிறவர்கள், பின்னால் வருகிறவர்களுக்காக அதில் நாலு வரி எழுதி, சொந்தப் பெயருக்குப் பதில் ஒரு பட்டப்பெயரைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள்.

இவளோ புது நோட்டைத் தொடுவதே இல்லை. அலமாரியின் அடியிலிருந்து அட்டை கிழிந்த பழையதை உருவி எடுத்து, ‘நத்தை’ என்ற பட்டப்பெயரில் எவனோ எழுதிவைத்ததைத் தேடிப் பிடித்துப் படிப்பாள்.

‘இங்கே ஒரு கட்டிலுக்குக் கேட்கும் வாடகையில் கழுதையே வாங்கலாம். பின்பக்க ஓடையைத் தாண்டினால் மூன்று பாறைகள். நடுவில் கூடாரம் போட்டால் காற்று அடிக்காது, காலை வெயிலும் முதலில் அங்கேதான் விழும். வீட்டை முதுகில் சுமக்கிற நத்தைக்கு ஏது வாடகை?’

“எவ்வளவு அழகா எழுதியிருக்கு, பார்த்தீங்களா?” என்று நோட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நத்தை சொன்னது அவளுக்கு வேதவாக்கு. அது காட்டிய இடத்தில்தான் கூடாரம். புது பூட்ஸ் கடித்து இரண்டு காலிலும் கொப்புளத்தோடு அவன் மெத்தைக்கு ஏங்குவான். வாடகையைக் கேட்டதுமே அவள் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவாள். பரணில் கிடந்த ஏதோ பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தவள், தெருமுனைக் கடைக்குப் போகிறவள் மாதிரி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

நத்தை சொன்ன இடம் ஒன்றாவது மோசமாக இருந்திருந்தால் அவன் மனசு ஆறியிருக்கும். எல்லாமே அருமையாக இருந்தன. அதைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

அவன் வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்ப்பவன். வீட்டு மளிகைச் சீட்டுகூடப் போனில் வரும் காலத்தில், எழுத்துக்கு மதிப்பு கொடுக்கும் ஒரே இடம் தன் மேஜைதான் என்று பீற்றிக்கொள்வான். ஒரு சுழி பிசகினாலும் காசோலையைத் திருப்பிவிடுவான். அந்தத் தெம்பில் நத்தையையும் எடைபோட்டான்.

“எப்படிச் சாய்ச்சு எழுதியிருக்கான் பாரு. இவன் சரியான பொம்பளைப் பித்தனா இருப்பான்.”

“எழுத்தைப் பார்த்தே சொல்லிடுவீங்களா?”

“என் தொழிலே அதுதான்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடத்தைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்டான். தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்றாள். எந்தத் தெரிந்தவர்கள் என்று கேட்டதற்கு, கடைசி விடுதியில் சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சிவந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தன் இருந்திருக்கிறான். ஒன்பது வருஷம் கமுக்கமாக மறைத்திருக்கிறாள். அன்றைக்கு முழுதும் கொப்புளத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

ஐந்தாம் நாள் பிற்பகலில் கடைசி விடுதி வந்தது. கூடாரம் போட இடம் பார்க்கக் கிளம்பியவனை அவள் தடுத்தாள்.

“இன்னைக்குக் கட்டில் எடுப்போங்க. ரெண்டு பேருக்கும் வாடகை நான் கொடுக்கிறேன்.”

நாலு நாளாக அவனை மண்ணில் உருட்டியவள் சும்மாவா இப்படி மாறுவாள்? அவள் விடுதிக்கார அம்மாவோடு அறையைப் பார்க்க மாடிக்குப் போனதும், அவன் நொண்டிக்கொண்டே அலமாரிக்குப் பாய்ந்தான். அடியிலிருந்த பழைய நோட்டை உருவினான். அதே சாய்வு எழுத்து.

‘இந்த விடுதியின் மாடி ஜன்னலில் நடந்துவந்த மலை முழுதும் தெரிகிறது. தனியாகப் பார்க்க மனசு வரவில்லை. மறுபடி வந்தால் என் ஆளோடுதான் வருவேன். அன்றைக்கு மட்டும் நத்தை வாடகை கொடுத்துக் கட்டிலில் படுக்கும். சத்தியம்.’

அந்த ஆள் இவள்தான், சந்தேகமே இல்லை. அந்த நத்தை வந்து நிறைவேற்றாத சத்தியத்தை இவள் நிறைவேற்ற வந்திருக்கிறாள். அந்தக் கட்டிலில் நத்தைக்குப் பதிலாகப் படுப்பதற்குத்தான் தன்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறாள்.

பக்கத்தைக் கிழித்தான். கூடத்தின் நடுவில் எரிந்துகொண்டிருந்த இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே எறிந்தான். தாள் சுருண்டு கறுத்தது.

அவள் குதித்துக் குதித்துப் படியிறங்கி வந்தாள். ஒன்று காட்டவேண்டும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே நோட்டைப் புரட்டினாள். கிழிந்த ஓரத்தில் அவள் விரல் நின்றது. திறந்திருந்த அடுப்பைப் பார்த்தாள்.

“நீங்களா?”

“ஆமா, உன் நத்தையை எரிச்சுட்டேன். இப்பவாவது சொல்லு, யார் அவன்?”

அவள் நோட்டை மெதுவாக மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு குனிந்து, தேய்ந்துபோன அந்தப் பழைய பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஊர்ல எல்லார் எழுத்தையும் கண்டுபிடிக்கிறீங்க, என் எழுத்து தெரியலையே உங்களுக்கு.”