மதகில் ஒரு பலகை

காலை வெயில் கால்வாயில் சாய்ந்து கிடக்கிறது. மதகில் இன்னொரு பலகை போட்டால் விவசாயி வீப்ரனின் மேய்ச்சல் நிலத்தில் நிலத்தடி நீர் ஒரு சாண் உயரும். காய்ந்து காய்ந்து ஆண்டுதோறும் தாழ்ந்துவரும், மக்கிய செடிகளாலான மண் இனித் தாழாது. ஆனால் அந்த ஈர மண் அவருடைய மாடுகளின் எடையைத் தாங்குமா? நீர் வாரியத்திலிருந்து வந்திருக்கும் எனக்கும் உறுதியாகத் தெரியாது. “அதான் சம்மதம்னு வாரியத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுல்ல? மாட்டுக்கு நீச்சல் கத்துக்குடு,” என்கிறார் அவர் மனைவி சிட்ஸ்க. “உனக்கே இன்னும் வரல,” என்கிறார் வீப்ரன். நான் பலகையைத் தூக்குகிறேன். வீப்ரன் கை நீட்டுகிறார். “இங்க குடும்மா. என் நிலம், நானே மூழ்கடிச்சுக்கிறேன்.” பலகை மதகுச் சுவரின் காடிப் பள்ளத்தில் மெல்ல இறங்குகிறது. நீர் விழும் சத்தம் அடங்கிவிடுகிறது. மாடுகள் புல்லைப் பிய்ப்பது இப்போது கேட்கிறது. வீப்ரன் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.