பெருவிரல் குழி

"நல்லா அமுக்கு தாயி, வலிக்காது" என்றார் சவரிமுத்து. படுத்தால் மூச்சு முட்டுமென்பதால் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவப் பரீட்சைக்கு வந்த மாணவி மெர்லின், அவருடைய வீங்கிய காலில் பெருவிரலை ஊன்றி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"ஹார்ட் ஃபெயிலியர், சார்."

பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வீக்கம் வடிந்துவிட்டால் பரீட்சையில் காட்ட ஒன்றும் இருக்காதென்று, நீர் பிரிய வைக்கும் ஊசியை ஒருநாள் தள்ளிப்போடும்படி நேற்று நர்ஸிடம் சொன்னவர் அவர்தான். பக்கத்தில் நின்று கேட்ட மெர்லினுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

சவரிமுத்து இரைத்தபடி கேட்டார்: "பாஸாயிட்டியா தாயி?"

"ஆயிட்டேங்கய்யா."

"அப்ப இனி அந்த ஊசியப் போடச் சொல்லலாம்ல?"

குழி இன்னும் தூர்ந்திருக்கவில்லை. சரியாக அவள் விரல் அளவு.